சாப்பாட்டுத் தட்டைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டெல்டா பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சுகர், பிரஷர், ரத்தசோகை என்று வருகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு, "அப்ப என்னதான் சாப்பிடுறது?" என்று கேட்டுக்கொண்டே என் அறைக்குள் நுழைவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அப்படி அடிக்கடி வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

சமச்சீர் உணவு, சமச்சீர் உணவுன்னு சொல்றீங்களே, தட்டுல என்னென்ன இருக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க.

தானியம், பருப்பு, காய், கீரை, பழம், பால் அல்லது தயிர், ஒரு கைப்பிடி கடலை வகை, கொஞ்சம் எண்ணெய். இவ்வளவும் ஒரு நாளுக்குள் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், ஒவ்வொரு வேளையும் எல்லாம் இருக்க வேண்டும் என்றில்லை.

அளவு கேட்டால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் நான் பின்பற்றுகிறேன். ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் (அதில் 100 கிராம் கீரை), பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை, எள் மாதிரியானவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. காலையில் இட்லிக்குப் போன அரிசி, மதியச் சோறு, ராத்திரிச் சப்பாத்தி எல்லாம் சேர்த்துத்தான் அந்த 250 கிராம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பங்கை முட்டை, மீன், கறி என்று மாற்றிக்கொள்ளலாம். நடவுக்குப் போகிறவர், மூட்டை தூக்குகிறவருக்கு இது பத்தாது, கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லாரும் அரிசியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை காயைப் பற்றி. தலைக்கு 400 கிராம் என்றால் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ 600 கிராம். கால் கிலோ வெண்டைக்காயை வதக்கி நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு, காய் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட கணக்குதானே? நம்ம உடம்புக்கு ஒத்து வருமா?

இந்த நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார், ஆரம்பித்தவர் வெள்ளைக்காரர் என்பது உண்மைதான். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இப்போது அங்கே போடும் கணக்கு முழுக்க இந்தியர்களின் உயரம், எடை, இங்கே விளையும் உணவு இவற்றை வைத்துத்தான்.

பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய். தவிட்டை ஒட்ட நீக்கித் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி இருந்தவர்களை அது பிடித்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள், ஏனென்றால் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது, ஆனால் அவர்கள் செய்த வேலை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சுகர் வந்துட்டா சோத்தை விட்டுடணுமா?

விட வேண்டாம், குறைக்க வேண்டும். இதைச் சொன்னதும் முகம் தெளிகிறவர்கள் பாதிப் பேர், நம்பாதவர்கள் பாதிப் பேர்.

சோறு நஞ்சில்லை. நாம் அதைச் சாப்பிடும் விதத்தில்தான் கோளாறு. நம் நாட்டில் ஒரு நாள் சக்தியில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியத்திலிருந்தே வருகிறது, 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன வழிகாட்டுதல் சொல்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்கிறோம், பொரியல் என்னவோ முதல் முறை வைத்த அதே ஒரு கரண்டிதான். இதைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ கூட்டோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. முதலில் காயையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது, வயிறும் சீக்கிரம் நிறையும்.

ஒரு எச்சரிக்கை. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், யாரோ சொன்னார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்ளக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, மயங்கி விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்ப கேழ்வரகு, கம்பு, தினைன்னு மாறிடறேன். அது எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்தானே?

எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட முடியாது. கேழ்வரகும் தானியம்தான், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அந்த 250 கிராமுக்குள்தான் அதுவும் வர வேண்டும். அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதனால் வாரத்தில் சில நாள் சேர்ப்பது ரொம்ப நல்லது. களியாகவோ அடையாகவோ கீரையோடு சாப்பிடுங்கள். நைசாக அரைத்துத் தண்ணீராகக் காய்ச்சிக் குடிக்கும் கஞ்சி சுகர்காரர்களுக்குச் சரிவராது, விறுவிறுவென்று ஏற்றிவிடும்.

தினமும் சாம்பார் வைக்கிறோம், புரதம் அதிலேயே வந்துடாதா?

வராது. நான்கு பேருக்கு ஒரு நாள் சாம்பாரில் எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்? தாராளமாக 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 25 கிராம் பருப்பு, அதில் புரதம் சுமார் 5 அல்லது 6 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு, 55 கிலோ இருக்கிற ஒருவருக்கு 46 கிராம் வேண்டும். நாள் முழுக்கச் சாப்பிடும் தானியத்திலிருந்து ஒரு இருபது வரும். மீதி?

ரேஷனில் 30 ரூபாய்க்குக் கொடுக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 85 கிராம் என்று நிஜமாகவே சமைத்தால் நான்கு பேர் வீட்டில் மூன்று நாள்கூட வராது. அதை மாதம் முழுக்க ஓட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் கணக்கு இதுதான் என்று சொல்லாமலும் இருக்க முடியாது.

செய்யக்கூடியது: சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் (கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, எதுவானாலும்), காலையில் பச்சைப்பயறு தோசை, ஒரு வேளை கெட்டியான கூட்டு, ஒரு கப் தயிர், முடிந்தால் ஒரு முட்டை. அரிசியில் குறைவாக இருக்கிற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது, அதனால் இட்லி, பொங்கல், அடை எல்லாம் புரத விஷயத்தில் நல்ல கூட்டணி. இப்படிச் சாப்பிட்டால் டப்பாவில் விற்கும் புரத மாவுக்கு அவசியமே இருக்காது.

முட்டையில மஞ்சக்கருவை எடுத்துடணுமா?

பெரும்பாலானவர்கள் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாம் மஞ்சளில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே இதய நோயோ அதிகக் கொழுப்போ இருப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா, ரேஷன் பாமாயிலா?

எந்த எண்ணெய் என்பதற்கு முன் எவ்வளவு எண்ணெய் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 27 கிராம் என்றால் நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர், அதுவும் வெளியில் வடை, பஜ்ஜி, பரோட்டா சாப்பிடாதவர்களுக்கு. செக்கில் ஆட்டினாலும் எண்ணெயில் கலோரி குறையாது. "நல்லெண்ணெய்தானே" என்று இட்லிப் பொடியில் குளம் கட்டக் கூடாது.

பிறகு வகை. கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டெண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு (அதிகமானால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை), பாமாயிலில் ஏறக்குறைய பாதி. தாளிக்க ஒரு கரண்டி போடுவதில் பயமில்லை, எல்லாச் சமையலும் அதிலேயே என்றால்தான் யோசிக்க வேண்டும். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதைத் தொடாதீர்கள் என்று சொல்வது நியாயமில்லை. அதையும் வாங்குங்கள், கூட ஒரு லிட்டர் கடலெண்ணெயும் வாங்கிப் பாதிப் பாதி நாள் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்காதீர்கள். வடிகட்டி ஓரிரு நாளில் குழம்புக்குத் தாளித்துத் தீர்த்துவிடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டு நாட்டுச்சர்க்கரை போட்டுக்கறேன், இனி கவலை இல்லையே?

இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். அவற்றில் இருக்கும் இரும்பும் மற்றதும் ஒரு ஸ்பூன் அளவில் பெரிதாக ஒன்றும் தராது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்து டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்பது பொதுக் கணக்கு. மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அங்கேயே தாண்டிவிட்டது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

உப்பு நான் கம்மிதான் போடுவேன், அப்புறமும் பிரஷர் ஏறுதே?

உப்புப் பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஒருவருக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். அதற்குள் தீர்ந்துவிட்டால் கம்மி இல்லை. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர், கடைச் சாப்பாட்டில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கிலேயே வராமல் தனியாக உள்ளே போகிறது. மோர்மிளகாய் இல்லாமல் தயிர்சாதம் இறங்காது என்பார்கள், கொஞ்ச நாள் வெள்ளரிக்காயோ மாதுளையோ போட்டுப் பாருங்கள்.

இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று மாறுகிறார்கள். அதுவும் சோடியம்தான், வழக்கமாக அதில் அயோடினும் இருக்காது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் அயோடின் உப்பை விட்டுவிடாதீர்கள்.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்களாமே? ஊறவச்சா மிதக்குது.

அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து எடுத்து, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. அரசுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த அரிசி வரும் என்று 2021இல் அறிவித்தார்கள். அது கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், சில சமயம் மிதக்கும், அதனால்தான் சந்தேகம். பொறுக்கி எறிந்துவிட்டால் அந்தச் சத்தைத்தான் எறிகிறீர்கள். சோற்றை வடிக்கும்போது கஞ்சியைக் கொட்டிவிடாமல் குடிக்கப் பாருங்கள், பி வைட்டமின்களில் ஒரு பங்கு அதில்தான் போகிறது. தலசீமியா மாதிரி ரத்த நோய் இருப்பவர்கள் மட்டும் இந்த அரிசி பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் தினம் சாப்பிடறேன், ஏறவே மாட்டேங்குதே?

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர, 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது நம் கணக்கு. பேரீச்சம்பழத்தில் ஓரளவு இருந்தாலும் இரண்டு பழத்தில் என்ன ஏறிவிடும்? நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அதில் எத்தனை பேர் பீட்ரூட் ஜூஸை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரும்பு எதில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்பது முக்கியம். ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன், கறியில் இருப்பது நன்றாக ஒட்டும் (கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போய்விடும்). கீரை, பயறு, எள், கம்பில் இருப்பது கொஞ்சம்தான் ஒட்டும், ஆனால் கூடவே வைட்டமின் சி போனால் கூடுதலாக ஒட்டும். அதனால் முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், பின்னால் ஒரு கொய்யா. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் செய்ததெல்லாம் வீண், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ரொம்பக் குறைந்துவிட்டால் சாப்பாடு மட்டும் தூக்காது, இரும்பு மாத்திரை போட்டே ஆக வேண்டும். பாலோடும் டீயோடும் விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால்தான் அப்படி. வயிற்றைப் பிரட்டினால் நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லலாம், வேறு மாத்திரை தரலாம்.

கீரையை ராத்திரி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். காலையில் செய்து வெளியில் வைத்ததை ராத்திரி வரை வைத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆப்பிள், பாதாம், ஓட்ஸ் எல்லாம் வாங்க எங்களுக்கு வசதி இல்லையே?

வாங்கவே வேண்டாம். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. வேர்க்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். மத்தி மீனில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது, நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம். முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பிஸ்கட், பாட்டில் பானம், குழந்தைகளுக்குக் கலக்கும் டப்பா பவுடர் இவற்றில் பிடியுங்கள். அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்கலாம்.

எங்க அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினை. மேலே சொன்னதெல்லாம் அவருக்கும் பொருந்துமா?

பொருந்தாது, தயவுசெய்து அப்படியே செய்துவிடாதீர்கள். புரதம் எவ்வளவு, எந்தக் காய், பழம் ஆகும் என்பது அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் ஓயாமல் சொன்ன கீரை, பயறு, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் பொட்டாசியம் ஏறியிருக்கும் நேரத்தில் ஆபத்தாகலாம். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதைச் சிறுநீரக நோயாளிக்கு ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் நான் சாப்பிடுவேன். மிச்சம் இருக்கிறதைச் சாப்பிடறதுல என்ன கணக்கு பார்க்கிறது?

யாரும் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை. "நேற்று மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று நான் கேட்கும்போது பதிலாக வரும். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், மீன் துண்டு தீர்ந்திருக்கும், முட்டை பிள்ளைகளுக்குப் போயிருக்கும். சட்டியில் மிஞ்சுவது சோறும் குழம்புத் தண்ணீரும் ஊறுகாயும். மேலே ரத்தசோகைக் கேள்விக்குச் சொன்ன அந்த 29 மில்லிகிராம் இரும்பும் சாம்பார் கேள்விக்குச் சொன்ன 46 கிராம் புரதமும் இந்த அம்மாவுக்குத்தான் அதிகம் எட்டாமல் போகின்றன, வீட்டில் எல்லாருக்கும் சமைத்த கை அவருடையதாக இருந்தும்.

சமைத்து இறக்கியதும், பரிமாறுவதற்கு முன்னாலேயே, உங்கள் பங்குப் பொரியலையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். முட்டை அவித்தால் தலைக்கு ஒன்று என்று உங்களையும் எண்ணி அவியுங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். வீட்டு ஆண்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான், இரண்டாவது முறை குழம்புக் கரண்டியை எடுக்கும்போது சட்டிக்குள் எட்டிப் பார்த்து இன்னும் சாப்பிடாதவருக்கு எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணிவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள்.